வண்டிக்குள் ஏறிய ஸ்டெப்னி

காசிமிரோ வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உரிபியா சந்தையிலிருந்து வடக்கே கடலோர ஊர்களுக்கு ஜீப் ஓட்டுகிற மற்றவர்கள் பாலைவனத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பார்கள். இவன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிளட்சை மிதிப்பான், இறங்கிப் பார்ப்பான், மண்ணைக் காலால் அழுத்திப் பார்ப்பான், அப்புறம் ஏறி, கெஞ்சிக் கூத்தாடி வண்டியை இறக்குவான். சந்தையில் அவனுக்கு முட்டைக்காரன் என்று பெயர். முட்டை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டுகிறானாம். கிண்டல் செய்கிறவர்களே, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் மட்டும் அவன் வண்டியைத் தேடிக்கொண்டு வருவார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

நான் தெல்பினா, அவனுடைய பெரியம்மா மகள். சந்தையில் வண்டிகள் நிற்கிற இடத்தில் காபியும் பொரித்த ஆட்டுக்கறியும் விற்கிறேன். வாயூ சனமான எங்களுக்குக் குலம் தாய் வழியில் வருவது. ஆகையால் நானும் அவனும் எப்பியேயூ குலம், எங்கள் தாய்மாமன் நிக்கானோர் எங்களுக்குக் குடும்பத் தலைவர். அந்த ஜீப்பை வாங்க மாமா ஆடு விற்றார், நான் வளையல் விற்றேன். அவன் மெதுவாக ஓட்டியதில் எனக்கு எரிச்சல் இருந்தாலும் நிம்மதியும் இருந்தது. ஏனென்றால் வண்டியில் ஏறியவர்கள் யாருக்காவது ஒரு சொட்டு ரத்தம் வந்தால், வண்டிக்காரனின் தாய்வழிச் சனம் முழுவதும் பதில் சொல்ல வேண்டும். ஆடு, மாடு, கழுத்து மாலை, கடைசியில் வண்டி. தவறு யாருடையது என்று கேட்பதில்லை. ரத்தம் யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விதான் காசிமிரோவின் வாழ்க்கை முழுவதும் கூடவே வந்தது. எங்களில் சதை தாயுடையது, ரத்தம் தகப்பனுடையது. ஒருவன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டாலும், தகப்பன் வழிச் சனம் வந்து "எங்க ரத்தத்தை ஏன் சிந்த விட்டீங்க" என்று தாய்மாமனிடம் கேட்கும். மாமன் ஓர் ஆட்டையாவது கொடுத்து அனுப்ப வேண்டும். காசிமிரோவின் தகப்பன் உரியானா குலத்துக்காரன். பரிசம் போடாமலே இவன் அம்மாவான என் சின்னம்மாவோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மரக்காய்போவில் வேலை என்று எல்லை தாண்டிப் போனான். போனவன் போனவன்தான். தாய்க்குப் பரிசம் போடாத பிள்ளைக்கு ரத்தம் கேட்டு வரத் தகப்பன் சனம் கிடையாது. சின்ன வயசில் கழுதையிலிருந்து விழுந்து இவனுக்குத் தாடை கிழிந்தபோது உரியானாக்கள் யாரும் வரவில்லை. மாமாவுக்கு ஓர் ஆடு மிச்சம் என்று சந்தோஷம். இவன் துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்து, "யாராச்சும் வந்தாங்களாக்கா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் அதட்டி உள்ளே அனுப்பினேன்.

இனி ஸ்டெப்னிக்கு வருகிறேன்.

ஜீப்பின் பின்கதவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. டயரும் டிஸ்க்குமாகச் சேர்ந்தால் கன்றுக்குட்டி கனம். எங்கள் பாதையில் குலுங்கிக் குலுங்கிக் கதவின் கீல் விரிசல் விட்டது. உள்ளே வைத்துவிடலாம் என்று சந்தையில் இருக்கும் வெல்டர் சொன்னார். தரையில் இரும்புப் பட்டை வைத்து, மரை போட்ட தடித்த கம்பியை நிறுத்தி, டிஸ்க்கின் நடுத் துளை வழியாக அதை விட்டு, மேலே ஒரு தகடு வைத்து நட்டை முறுக்கினால் வண்டி கவிழ்ந்தாலும் அசையாது என்றார். காசிமிரோ சரி என்றான். ஆனால் வெல்டர் தன் அத்தையின் எலும்பை எடுத்து மறுபடி அடக்கம் செய்கிற விருந்துக்குப் போய்விட்டார். அந்த விருந்துக்குப் போனவர்கள் சாராயம் தீரும்வரை திரும்ப மாட்டார்கள். காத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குள் மாமா கனவு கண்டுவிட்டார்.

கனவை நான் கேலி செய்யவில்லை. கனவு சொன்னால் அன்றைக்கே செய்ய வேண்டும் என்பதை நம்புகிறவள்தான் நானும். ஆனால் மாமாவின் கனவுகள் எப்போதும் அடுத்தவருக்குத்தான் வேலை வைக்கும். இந்தக் கனவில் ஸ்டெப்னி வண்டிக்குப் பின்னால் தனியாக உருண்டு வந்து, காசிமிரோவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாம். அதற்கு வெளியே இருக்கப் பிடிக்கவில்லை, இன்றைக்கே உள்ளே எடு, இல்லாவிட்டால் வண்டியைத் தொடாதே என்று காலையில் காபிகூடக் குடிக்காமல் சந்தைக்கே வந்து சொன்னார். காசிமிரோ மறு பேச்சுப் பேசவில்லை. ஸ்டெப்னியைக் கழற்றி உள்ளே ஏற்றி, முன் இருக்கைகள் இரண்டுக்கும் பின்னால் நிமிர்த்தி வைத்தான். கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான்.

கட்டியது தூளி முடிச்சு. எங்கள் சனத்தில் குழந்தையிலிருந்து கிழம் வரைக்கும் தூளியில்தான் தூங்குவோம், செத்தால் அதிலேயே சுற்றிப் புதைப்போம். அந்த முடிச்சை விட நம்பிக்கையான முடிச்சை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆள் படுக்கப் படுக்க அது இறுகும். கட்டி முடித்ததும் காசிமிரோ அதில் தொங்கிப் பார்த்தான். மாமா தொங்கிப் பார்த்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள், இழுத்துப் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி இருக்குடா" என்று நானும் சொன்னேன். தூளியில் ஆள் கனம் எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், இங்கே கனம் தரையில் உட்கார்ந்திருக்கிறது, கயிறு சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

அப்போது மழைக்காலம். வருஷமெல்லாம் வெடித்துக் கிடக்கிற மண் நாலு மழைக்குக் கூழாகிவிடும். வடக்கே போகிற மற்ற வண்டிக்காரர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காசிமிரோ மட்டும் வழியில் இறங்குகிற சில பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். கடற்கரையில் எனக்கு ஒரு வசூல் இருந்ததால் நானும் ஏறியிருந்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து அந்த அம்மாள் வந்தாள். தலையில் துணி, கால் வரைக்கும் மஞ்சள் அங்கி, இரண்டு கைகளிலும் நீட்டிப் படுக்க வைத்தபடி ஒரு பெண் குழந்தை. குடல் வால் அறுத்து வயிற்றில் தையல் போட்டிருக்கிறது, குழந்தை உட்காரக் கூடாது, படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

பெனில்டா உரியானா. காசிமிரோவுடைய தகப்பனின் கூடப்பிறந்த அக்காள். அத்தை என்று அவன் கூப்பிட்டிருக்க வேண்டியவள், அவனை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காதவள். குழந்தை அவளுடைய மகள் வயிற்றுப் பேத்தி, லுஸ்மிலா. அதுவும் உரியானா குலம்.

நான் வண்டியிலிருந்து இறங்கி, அவனைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம்டா. வேற யாரு ரத்தம்னாலும் ஆட்டைக் குடுத்துத் தீத்துக்கலாம். இவங்க ரத்தம் உன் வண்டியில சிந்துச்சுன்னா, அந்தப் பக்கம் உனக்கு இருக்கற கதவும் அடைஞ்சு போயிரும்."

"இப்ப மட்டும் தொறந்தா இருக்கு?"

"இல்லதான். அதுக்காக நீயே ஆணி அடிக்கணுமா?"

அவன் குழந்தையைப் பார்த்தான். "வேற வண்டி இல்லக்கா. நான் பாத்து ஓட்டிக்கறேன்" என்றான். போய் பெனில்டாவிடம், ஏறுங்க என்று மட்டும் சொன்னான். எந்த முறையும் வைக்கவில்லை. முறை வைக்க அவனுக்கு உரிமை இல்லை.

முன் இருக்கையில் சர்க்கரை மூட்டைகள். பின்னால் இரண்டு பக்கமும் நீள வாட்டில் பெஞ்சுகள். வலது பெஞ்சில் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். தலை முன்பக்கம், ஸ்டெப்னிக்கு ஒட்டி. கால் பெனில்டாவின் மடியில். இடது பெஞ்சில் நான். தலையை அந்தப் பக்கம் மாற்றிப் படுக்க வை என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பின்கதவின் கீல் விரிசல் விட்டிருந்தது, கதவு திறந்துகொண்டால் தலை வெளியே இருக்கும் என்று அன்றைக்கு அதுதான் எங்களுக்குப் பயம். ஸ்டெப்னியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

மற்ற பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். வழக்கமாகப் பாதையின் குறுக்கே கயிறு பிடித்து பிஸ்கட் கேட்கிற பிள்ளைகளும் மழைக்கு வெளியே வரவில்லை. வண்டிக்குள் நாங்கள் நாலு பேர். பெனில்டா பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். வயதான பெண்கள் வண்டியில் ஏறினால் வாய் மூடாமல் வருவார்கள், இவள் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருக்கிற என்னிடம் என்ன குலம் என்றுகூடக் கேட்கவில்லை. தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

மதியம் சாய்கிற நேரத்தில் அந்தச் சமவெளிக்கு வந்தோம். மழை இல்லாத நாளில் அது தட்டையான வெறும் மைதானம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். அன்றைக்கு நீள நெடுகத் தண்ணீர் தேங்கிச் சிவப்பாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு மேடு, அதில் நாலைந்து முள்மரம். அந்த மேடுதான் அடுத்த கெட்டித் தரை. இந்த மாதிரி இடத்தில் இறங்கினால் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் சக்கரம் இறங்கிவிடும், அப்புறம் தண்ணீர் வற்றும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தையல் போட்ட குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே கிடக்க முடியாது. காசிமிரோ இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்தான், நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டான், இரண்டாவது கியரில் விட்டான்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். அடியில் மறைந்திருந்த பள்ளங்களில் வண்டி விழுந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டெப்னி தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தது. எழும்பும்போது கயிறு தொய்ந்தது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, முடிச்சிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்று வால் குட்டையாகிக்கொண்டு வந்தது. கிளம்பும்போது அது என் முழங்கை நீளம் இருந்தது. இப்போது உள்ளங்கை அளவுதான்.

குழந்தை முழித்துக்கொண்டிருந்ததால் குரலைக் கீழே வைத்தேன். "மிரோ, முடிச்சு உருவுது."

"எவ்வளவு?"

"கொஞ்சந்தான் பாக்கி. நிறுத்துடா."

"நிக்க முடியாது. மேடு வரைக்கும் பிடிச்சுக்க."

எழுந்து மறுபடி முடிச்சுப் போடலாம் என்று பார்த்தேன், நிற்கவே முடியவில்லை, ஒரு குலுக்கலில் தலை கூரையில் இடித்து உட்கார்ந்துவிட்டேன். காலால் முட்டுக் கொடுக்கலாம் என்று தூக்கிய காலைப் பாதியில் நிறுத்தினேன். என் பக்கமிருந்து உதைத்தால் அது குழந்தை பக்கம் சாயும். இழுக்கத்தான் வேண்டும். இரண்டு கைகளாலும் டயரைக் கட்டிப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன். ஈரச் சேறு பூசிய ரப்பர், பிடி நிற்கவில்லை. நகம் பிய்ந்தது. இத்தனைக்கும் எதிரில் இருக்கிற அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை, குழந்தையின் இடுப்பை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். குழந்தையைத் தன் பக்கம் இழுக்கலாம்தான், மடங்கினால் தையல் பிரியும். தூக்கிக்கொண்டு நிற்கலாம்தான், நின்றால் விழுவாள். அவளுக்கும் வழி இல்லை என்று இப்போது புரிகிறது. அப்போது அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

முன் சக்கரம் ஒரு வாய்க்காலில் இறங்கியது.

வண்டி மூக்கைக் குத்தி, பின்பக்கம் தூக்கி அடித்தது. கயிறு சத்தமே இல்லாமல் கழன்று என் மடியில் விழுந்தது. டயர் என் கையை உதறிவிட்டு எழும்பி, வலது பக்கம் சாய்ந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. காசிமிரோவுக்கு என்ன கேட்டதோ, திரும்பிப் பார்க்காமலே வலது கையை இருக்கைகளின் இடுக்கு வழியாகப் பின்னால் வீசினான். "அத்தை, தலையை மறைங்க" என்றான்.

பெனில்டா குழந்தையின் முகத்தின் மேல் கவிழ்ந்தாள். டிஸ்க்கின் விளிம்பு பெஞ்சின் இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டியது, நடுவில் அவன் முன்கை இருந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் டயர் குழந்தை மேல் புரளும். இடது கையால் ஸ்டியரிங், ஆக்சிலேட்டரில் கால், இரண்டாவது கியர். கியரை மாற்றக் கை இல்லை. எஞ்சின் அலறியது. ஒரு சத்தமும் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வாய்க்காலிலிருந்து வண்டியை ஏற்றினான். நான் தரையில் மண்டியிட்டு டயரை என் பக்கம் இழுக்க இழுக்க, அது அவன் கையின் மேல் ஏறி ஏறி இறங்கியது. அப்போதுதான் குழந்தையைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தேன். திட்டுத் திட்டாக, வயிற்றுக்கு மேலே.

பெனில்டாவும் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவனுக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா. யாரு ரத்தம்?"

டயரிலிருந்து ஒரு கையை எடுக்கப் பார்த்தேன், அது மறுபடி புரண்டது.

"அக்கா, யாரு ரத்தம்னு கேக்கறேன்ல."

ஒரு கையால் டயரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியை விலக்கினேன். கட்டு வெள்ளையாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. லுஸ்மிலாவின் முகத்தைத் தடவினேன், கழுத்தைத் தடவினேன். அது பயத்தில் அழாமல் என்னையே பார்த்தது. ஒரு கீறல் இல்லை.

"உன்னுதுடா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். எல்லாம் உன்னுதுதான்."

"அப்பச் சரி" என்றான் காசிமிரோ. சிரித்தான்கூட. எனக்கு அவன் பின்மண்டைதான் தெரிந்தது, இருந்தாலும் சிரித்தது தெரிந்தது. என் ரத்தமாக இருந்தாலும் எங்கள் குலம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் எனக்குக் கேட்க ஆள் உண்டு, என் தகப்பன் பரிசம் போட்டவன். அந்த வண்டியில் இருந்த நாலு பேரில் கேட்க நாதியில்லாத ரத்தம் அவனுடையது ஒன்றுதான். அதற்குத்தான் அவன் சிரித்தான். 

மேட்டில் ஏறி முள்மரத்தடியில் நிறுத்தினான். மெதுவாகத்தான் நிறுத்தினான், முட்டைக்காரன். நானும் பெனில்டாவுமாக டயரைத் தூக்கிக் கையை விடுவித்தோம். சதை எலும்பு வரைக்கும் திறந்திருந்தது. பெனில்டா தன் அங்கியின் அடியைப் பல்லால் கடித்துக் கிழித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிச் சுற்றினாள்.  அத்தை என்று அவன் கூப்பிட்டதை அவள் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டயரைப் பின்னால் உருட்டிப் படுக்கப் போட்டு, குழந்தையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். கியரை அவனுக்காகப் பெனில்டா போட்டாள். மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, அவன் "இப்ப" என்றபோதெல்லாம் கம்பியைத் தள்ளினாள்.

அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது கூலியை எண்ணிக் கொடுத்தாள். குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாய்கூட வாலாட்டும். வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் கையைத் தைத்துக்கொண்டு திரும்புகிற வரைக்கும், கியரை அவனுக்காகப் போட்டபடி நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் ஒரே தடவைதான் வாய் திறந்தான். "விடுக்கா. கூப்புட்டது என் தப்பு" என்றான்.

அடுத்த வாரம் வெல்டர் விருந்து முடிந்து வந்து சேர்ந்தார். ஜெனரேட்டரோடு மாமா வீட்டுக்கே வரவழைத்தோம். காசிமிரோ கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, பட்டை எங்கே வர வேண்டும், டயர் நிமிர்ந்து நின்றால் போதாது, படுத்திருக்க வேண்டும், நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு வேண்டும் என்று அவர் உயிரை வாங்கினான். மாமா தூளியில் படுத்துக்கொண்டு, கனவு உள்ளே எடு என்றுதான் சொன்னது, கயிற்றில் கட்டு என்று சொல்லவில்லை என்று எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்காரர் வந்தார்.

கையில் தடி வைத்துக்கொண்டு ஒரு குலத்தின் வார்த்தையை இன்னொரு குலத்துக்குத் தூக்கி வருகிறவர். கல்யாணத்துக்கும் வருவார், கொலைக்கும் வருவார், முகத்தைப் பார்த்து எதற்கு என்று கண்டுபிடிக்க முடியாது. ஆன்செல்மோ என்று பெயர். பெனில்டா உரியானா அனுப்பினாள் என்று சொன்னதும் எனக்குக் குழந்தை ஞாபகம்தான் வந்தது. குழந்தைக்குத் தையல் பிரிந்துவிட்டதா? பயந்து காய்ச்சல் கண்டதா? பயத்துக்கும் கேட்கலாம், கண்ணீருக்கும் கேட்கலாம், அதுவும் வழக்கம்தான். காசிமிரோ வண்டியைப் பார்த்தான். அது போகப் போகிறது என்று முடிவு செய்துவிட்டான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

மாமா எழுந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். ஆன்செல்மோ நிதானமாகக் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, ஆடுகளைப் பற்றிப் பேசி, கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது என் வார்த்தை இல்ல, பெனில்டா உரியானா வார்த்தை. நான் தூக்கிட்டுத்தான் வந்திருக்கேன். உங்க வண்டியில எங்க ரத்தம் சிந்தியிருக்கு. அதுக்கு ஒரு ஆடு வேணும்."

மாமா கொதித்துவிட்டார். அந்தக் குழந்தை மேல் ஒரு கீறல் இல்லை, தெல்பினா தொட்டுப் பார்த்தாள், கட்டுக்கூட நனையவில்லை, வேண்டுமென்றால் குழந்தையைக் கொண்டு வந்து காட்டட்டும் என்றார். ஆன்செல்மோ முழுவதையும் கேட்டார். பிறகு தடியைத் தூக்கிக் காசிமிரோவின் கட்டுப்போட்ட கையைக் காட்டினார்.

"குழந்தையைச் சொல்லல. இவனைச் சொல்றேன்."

வெல்டர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். 

மாமா சட்டம் தெரிந்தவர். பரிசம் போடாதவங்களுக்கு இவன் மேல ரத்தம் ஏது என்று கேட்டார். அது சரியான கேள்விதான். ஆன்செல்மோ அதற்காகவே காத்திருந்தவர் போல, தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு மாலையை எடுத்து மாமாவின் முன் விரித்த துணியில் வைத்தார். பழைய செம்மணி மாலை. ஒரு மந்தையையே வாங்கலாம். பெனில்டாவின் கழுத்துக்குச் சொந்தமானது, வேறு யார் கொடுத்திருக்க முடியும்?

"இது இவனோட அம்மாவுக்குப் போட வேண்டிய பரிசம். தம்பி போடாமப் போயிட்டான், அக்கா போடறா. லேட்டாயிருச்சுன்னு தள்ளிராம எடுத்துக்கணுமாம். எடுத்துக்கிட்டீங்கன்னா, ஆடு கேக்கறதுக்கு எங்களுக்கு முறை வந்துரும்."

மாமா மாலையைக் கையில் எடுத்து, கல் கல்லாக வெளிச்சத்தில் பார்த்தார். எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். உடனே அவருக்குப் பழக்கம் வந்துவிட்டது. கேட்டதைக் கேட்டபடி கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. கேட்டால் குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் பேச்சுக்கு மரியாதை இல்லை. கைக்காயம்தானே, ஆடு எதுக்கு, ஒரு குட்டி போதும் என்று ஆரம்பித்தார். ஆன்செல்மோவும் அதற்குத் தயாராகத் தடியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமா" என்றான் காசிமிரோ.

பெரியவர்கள் பேசும்போது அவன் குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

"குறைக்காதீங்க மாமா."

மாமா என்னைப் பார்த்தார். நான் பட்டிக்குள் போய், மாமாவுடைய ஆடுகளை விட்டுவிட்டு, என்னுடையதில் இருந்ததிலேயே கொழுத்த ஆட்டைப் பிடித்து இழுத்து வந்தேன்.